பெயர் பொறித்த வெள்ளி நகை செய்து இணையத்தில் விற்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் டாலர், பெயர் மோதிரம், குழந்தையின் பிறந்த நாள் பொறித்த காப்பு இவற்றை வீட்டிலேயே கையால் செய்து இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டில் இருந்து தொழில் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சாதாரண நகையை ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். 'மகிழினி' என்று வெட்டிய டாலரை மகிழினியைத் தவிர யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் தகட்டில் ரம்பம் படுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றைத்தான் சொல்கின்றன.

நான் பத்தர் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. இந்த வேலை எனக்கு வருமா?

வரும். எதை நீங்கள் செய்யப் போகிறீர்கள், எதை வெளியே கொடுக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பெயரை வரைவது, தகட்டை வெட்டுவது, அரம் போடுவது, மெருகேற்றுவது எல்லாம் சில மாதப் பழக்கத்தில் கைக்கு வந்துவிடும். பற்றவைப்புக்குத்தான் நாள் பிடிக்கும். வெள்ளியில் சூடு மிக வேகமாகப் பரவும். வளையம் ஒட்டும் இடத்தில் மட்டும் சுடரைக் காட்டினால் சூடெல்லாம் தகடு முழுக்க ஓடிவிடும், பொடி (ஒட்டுவதற்கு வைக்கும் கலப்பு உலோகம்) உருகாது. முழு டாலரையும் சீராகச் சூடேற்ற வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலோ மெல்லிய எழுத்து இளகிச் சுருண்டுவிடும். தூய வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு கலந்த 925 வெள்ளி அதற்கும் கீழேயே உருக ஆரம்பித்துவிடும். இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட, ஊரில் உள்ள ஒரு பத்தரிடம் கூலி கொடுத்து உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். சுடரின் நிறத்தையும் வெண்காரம் பளபளவென்று ஓடும் கணத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

செயினையும் கொக்கியையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. சென்னை என்றால் சவுகார்பேட்டை, மதுரை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி. கொலுசு வகைக்குச் சேலம். செயின் வாங்கியது, டாலர் மட்டும் நான் செய்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னென்ன கருவிகள் கட்டாயம் வேண்டும்?

சட்ட ரம்பம், 2/0, 4/0 அளவு ரம்ப இலைகள், நாலைந்து வகை அரம், சிறு துளைக்கருவி, குறடு, மெருகு மோட்டார், 0.01 கிராம் வரை காட்டும் தராசு. பற்றவைத்த பிறகு கசடை நீக்க வீட்டில் ஆசிட் வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் நினைக்கவே வேண்டாம். படிகாரத் தண்ணீரில் கொதிக்க வைத்தாலே போதும். எடை போட்டு விற்கிற தராசு என்றால் அதை ஆண்டுக்கு ஒருமுறை எடையளவு அதிகாரிகளிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

925, ஜெர்மன் சில்வர், ஒரு கிராம் கோல்டு. எதில் தொடங்குவது?

925-ல் தொடங்குங்கள். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 100 கிராம் தூய வெள்ளியோடு ஏறக்குறைய 8 கிராம் செம்பு சேர்த்தால் 925 வந்துவிடும். தூய வெள்ளி மிக மென்மையானது. அதில் வெட்டிய பெயர் ஒரு மாதத்தில் வளைந்துவிடும்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கழுத்தில் தடிப்பும் அரிப்பும் வரும். அதை விற்கலாம், தப்பில்லை. 'வெள்ளி' என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. 'ஒரு கிராம் கோல்டு' என்று விற்பதும் தங்க முலாம் பூசியதுதான், ஒரு கிராம் தங்கம் அதில் இருக்கிறது என்று நம்பி வாங்குகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கருத்து இதில் உறுதியானது: உள்ளே என்ன உலோகம், மேலே என்ன பூச்சு என்று இரண்டையும் பதிவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 'பித்தளை, மேலே தங்க முலாம், தினமும் போட்டால் பூச்சு மங்கும்' என்று எழுதிய பதிவைப் பார்த்து வாங்குகிறவர் பிறகு சண்டைக்கு வர மாட்டார்.

ஹால்மார்க் கட்டாயமா?

தங்க நகைக்கு 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகக் கொடுக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளக் குறி) இல்லாமல் ஹால்மார்க் தங்க நகை விற்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கும் 2 கிராமுக்குக் குறைவான உருப்படிகளுக்கும் விலக்கு உண்டு. வெள்ளிக்கு இது விருப்பத்தின் பேரில்தான். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிக்கும் எச்.யு.ஐ.டி. வந்திருக்கிறது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்த நகைக்கடைக்காரர்தான் ஹால்மார்க்குக்குக் கொடுக்க முடியும். பதிவு இல்லாத நிலையில் நீங்களே '925' அச்சைக் குத்திவிட்டு 'ஹால்மார்க் நகை' என்று விளம்பரம் செய்யாதீர்கள். வெறும் 925 அச்சு ஹால்மார்க் ஆகாது. தகடு வாங்கும்போது தூய்மை குறிப்பிட்ட பில் வாங்குங்கள். ஒவ்வொரு புதுத் தகட்டிலும் ஒரு துண்டை டச் (உலோகத்தின் தூய்மை) பார்க்கும் கடையில் கொடுத்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அந்தச் சீட்டைக் காட்டலாம். இன்னொன்று: பற்றவைப்புப் பொடியில் வெள்ளி குறைவு. ஒட்டு அதிகமானால் டாலரின் டச் இறங்கும்.

தமிழில் பெயர் வெட்டும்போது எழுத்து உடைகிறது, புள்ளி விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?

இந்தத் தொழிலில் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்; ஆங்கிலப் பெயர் டாலரைப் பார்த்துத் தமிழுக்கு அப்படியே மாற்ற முடியாது.

முதலில் புள்ளி. 'கார்த்திக்' என்ற பெயரில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. தகட்டை வெட்டி எடுக்கும்போது இந்த மூன்றும் அந்தரத்தில் நிற்கும். மூன்று வழி உண்டு. புள்ளியை எழுத்தின் தலையோடு ஒரு சிறு கழுத்தால் இணைக்கலாம். 1 மி.மீ. தகட்டில் அந்தக் கழுத்து 1 மி.மீ. அகலத்துக்குக் குறைந்தால் துணியில் மாட்டி ஒடிந்துவிடும். அல்லது, முதலிலோ கடைசியிலோ புள்ளி வரும் பெயர் என்றால் அந்தப் புள்ளியையே செயின் கோக்கும் வளையமாக மாற்றலாம். 'ராகவன்' என்ற பெயரின் கடைசிப் புள்ளி வளையமாகிவிட்டால் பார்க்கவும் அழகு, உறுதியும் கூடும். மூன்றாவது வழி, வெட்டி எடுப்பதை விட்டுவிட்டுத் தகட்டில் பொறிப்பது. மூன்றுக்கும் மேல் புள்ளி வந்தால் நான் பொறிப்பதைத்தான் சொல்வேன்.

அடுத்து, தனியாக நிற்கும் குறிகள். 'ா', 'ெ', 'ே', 'ை' எதுவும் பக்கத்து எழுத்தைத் தொடாது. எழுத்துகளை நெருக்கி ஒட்டினால் 'ர', 'ா' இரண்டும் குழம்பும். அடியில் ஒரு மெல்லிய கம்பிக் கோடு ஓடவிட்டு எல்லா எழுத்தும் அதன் மேல் நிற்கும்படி வரைவது நல்லது. அந்தக் கோட்டை நேராகப் போடாமல் ஒரு கொடி போல வளைத்தால் தாங்கல் என்று தெரியாது.

வெட்டும் நேரமும் எழுத்தைப் பொறுத்தது. 'ப', 'ட' திறந்த எழுத்துகள். ரம்பம் வெளியிலிருந்தே நுழைந்துவிடும். 'வ', 'ம', 'ண' போன்றவற்றில் மூடிய கண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் துளை போட்டு, ரம்ப இலையைக் கழற்றி உள்ளே கோத்து, மறுபடி இறுக்கி, வெட்டி, மறுபடி கழற்ற வேண்டும். 'கண்மணி'க்கு ஆகும் நேரத்தில் பாதியில் 'பட்டு' முடிந்துவிடும். விலையை எழுத்தின் எண்ணிக்கையை வைத்து மட்டும் போடாதீர்கள் என்பது இதனால்தான். 'ழ', 'ஷ', 'ஞ' ஆகியவற்றை 8 மி.மீ. உயரத்துக்குக் கீழே கொண்டுபோனால் மடிப்புகள் அடைத்துக்கொள்ளும்.

லேசர் பட்டறைக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பழைய வடிவமைப்பு மென்பொருள்களுக்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று தட்டினால் கொம்பு பிரிந்து எங்கோ போய் நிற்கும். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அவர்களிடம் இல்லை என்றால் வேறு எழுத்துருவில் திறக்கும், அல்லது கட்டம் கட்டமாக வரும். எழுத்தை வளைகோடுகளாக மாற்றிய கோப்பையும் அதன் பி.டி.எஃப். படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். இயந்திரத்தை இயக்குபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

பெயரில் பிழை வந்தால் யார் பொறுப்பு?

வெட்டுவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை என்றால் நீங்கள்தான். ஒப்புதலை இப்படி வாங்குங்கள்: வரைந்த படத்தை அனுப்பிவிட்டு, 'ஓகே'யோ கட்டைவிரல் குறியோ போதாது, பெயரை நீங்களே ஒருமுறை தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று கேளுங்கள். படத்தைப் பார்க்கும்போது கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்; கையால் தட்டும்போது ர, ற வித்தியாசமும் ன, ண வித்தியாசமும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் வரும் பெயரை நீங்களாகத் தமிழாக்காதீர்கள். 'சரண்யா'வா 'ஷரண்யா'வா என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் பிழை என்று திருத்தியும் விடாதீர்கள். நியூமராலஜி பார்த்து எழுத்து கூட்டிய பெயர்கள் நம் ஊரில் ஏராளம். பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும், தோழியின் குழந்தையின் பெயரை அவர்கள் காதால் மட்டும்தான் கேட்டிருப்பார்கள்.

விலை எப்படிப் போடுவது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த டாலர் 4 கிராம்: 800 ரூபாய். அதற்கு 7 கிராம் தகடு எடுத்திருப்பீர்கள். மிஞ்சிய 3 கிராம் துண்டும் தூளும் திரும்பக் கொடுக்கும்போது குறைத்துத்தான் எடுப்பார்கள், இழப்பு 80. செயின் 5 கிராம், கூலியோடு 1,150. வரைவது, வெட்டுவது, மெருகு எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம், மணிக்கு 200 வீதம் 500. பெட்டி, பை, அட்டை 70. அஞ்சல் 100. பணம் வாங்கும் தளத்தின் கட்டணம் 65. மொத்தம் 2,765. இதன் மேல் 15 சதவீதம், அதாவது 415 ரூபாய், லாபத்துக்கும் உடைந்து மறுபடி செய்ய நேர்வதற்கும். ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 95. வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலை 3,275.

'999 ரூபாய்க்குப் பெயர் செயின் கிடைக்கிறதே' என்று கேட்பார்கள். அந்த விலைக்கு 9 கிராம் வெள்ளி வராது என்பதைக் கணக்கோடு சொல்லுங்கள். விலையைக் குறைத்து அவர்களோடு போட்டி போடத் தேவையில்லை. பெரும்பாலான புதியவர்கள் தங்கள் நேரத்துக்குக் கூலி போடுவதே இல்லை. 'வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே' என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இரண்டரை மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்தால், ஆர்டர் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

ஆர்டர் எடுத்த பிறகு வெள்ளி விலை ஏறினால்?

2024-ல் கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி 2025 முடிவதற்குள் 200-ஐத் தாண்டியது. அதனால் பதிவில் நிலையான விலை போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். சொன்ன விலை அன்றைக்கு மட்டும் செல்லும் என்று எழுதுங்கள். உலோகத்தின் விலையாவது முன்பணமாக வந்துவிட வேண்டும், வந்த அன்றே வெள்ளியை வாங்கிவிடுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு விலை ஏறினால் அது உங்கள் பாடு. வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்பது முறையில்லை.

ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் ஒசூரில் இருந்து பெங்களூருக்கு ஒரே ஒரு டாலர் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை; விற்றுமுதல் எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு கேட்கும் விதி இருக்கிறது. கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருமா என்று ஆடிட்டரிடம் பொருளைக் காட்டியே கேளுங்கள், இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி இருந்துவிட வேண்டாம். இணையத்தில் விற்கிறவர்களுக்கு முதல் வெளிமாநில ஆர்டர் மிகச் சீக்கிரம் வந்துவிடும் என்பதால், தொடங்கும்போதே பதிவு செய்துவிடுவதுதான் நிம்மதி.

முடிந்த நகைக்கு வரி 3 சதவீதம், செய்கூலி உட்பட. உங்கள் வெள்ளியில் வேலை மட்டும் செய்து தரும், பதிவு பெற்ற பட்டறை கூலிக்கு 5 சதவீதம் போடும். உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள்.

பெயர் போட்ட நகைக்குத் திருப்பி எடுக்கும் கொள்கை வேண்டுமா?

மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே தெளிவாக எழுதி வைக்கலாம். ஆனால் 'எந்தக் காரணத்துக்கும் ரிட்டர்ன் கிடையாது' என்று போடுவது செல்லாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. சொன்ன தேதி தாண்டி வந்தாலும் அப்படித்தான். வளைகாப்புக்கு என்று கேட்டு வாங்கியது வளைகாப்பு முடிந்து வந்து சேர்ந்தால் அவர்கள் கேட்பது நியாயமும்தான். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா?

வேண்டாம்.

எதில் அனுப்புவது?

பல தனியார் கூரியர்களின் நிபந்தனையில் தங்கம், வெள்ளி ஏற்க மாட்டோம் என்று இருக்கும். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் கவுன்டர்களும் உண்டு. அப்படி அனுப்பித் தொலைந்தால் ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்டில் காப்பீடு சேர்த்து அனுப்பலாம். பதிவு அஞ்சல் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. நகையைத் தராசில் வைத்து எடை தெரிவதில் தொடங்கி, பெட்டியில் போட்டு ஒட்டி, முகவரி தெரியும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பிரிக்கும்போதும் வீடியோ எடுக்கச் சொல்லி உறைமேல் ஒட்டிவிடுங்கள். உறையின் வெளியே 'சில்வர்ஸ்' என்று முடியும் கடைப்பெயரை எழுத வேண்டாம், உங்கள் பெயர் போதும்.

வெளிநாட்டுக்கு விற்க ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கான குறியீட்டு எண்) வேண்டும். அந்த நாட்டுச் சுங்க வரியை வாங்குபவர்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மோதிர அளவை எப்படிக் கேட்டு வாங்குவது?

நூல் சுற்றி அளந்து அனுப்பும் அளவை நம்பி வெட்டாதீர்கள், நூல் இழுபடும். நன்றாகப் பொருந்துகிற பழைய மோதிரத்தின் உள் விட்டத்தை அளவுகோல் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்திய அளவு எண்ணோடு 40 கூட்டினால் உள் சுற்றளவு மி.மீட்டரில் வரும், 12 என்றால் 52 மி.மீ. சுற்றளவு, விட்டம் ஏறக்குறைய 16.5. மாலை நேரத்தில் விரல் சற்றுத் தடித்திருக்கும், அப்போது அளப்பது நல்லது.

படத்தில் டாலர் பெரிதாகத் தெரிந்தது, கையில் சிறிதாக இருக்கிறது என்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்துப் படம் எடுப்பதை விடுங்கள். ஒரு ரூபாயிலேயே பல அளவுகள் புழங்குகின்றன. அளவுகோல் வைத்து ஒரு படம், கழுத்தில் போட்டு ஒரு படம். வெள்ளி எதிரில் இருப்பதை எல்லாம் காட்டிவிடும், உங்கள் போனையும் சேர்த்து. ஜன்னல் ஓரம் வெள்ளை வேட்டியைத் திரைபோல் கட்டி, அதன் வழியே வரும் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.

வெள்ளி கறுக்கிறது, போலியா என்று கேட்கிறார்கள்.

காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு படலமாகும்போது கறுக்கிறது. நல்ல வெள்ளியும் கறுக்கும். காற்றுப் புகாத சிறு பையில் வைக்கச் சொல்லுங்கள்; ரப்பர் பேண்ட் சுற்றி வைக்க வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. கறுத்தால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். விளக்குக்குப் போடுவதுபோல் விபூதி போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். ஆழமில்லாமல் பொறித்த எழுத்து அதில் நாளடைவில் தேயும், முலாம் என்றால் சீக்கிரமே போய்விடும். இதை ஒரு சிறு அட்டையில் அச்சடித்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

தொப்புள்கொடி, தாய்ப்பால் வைத்து நகை கேட்கிறார்கள். எடுக்கலாமா?

தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுவது நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். இப்போது அதையே ரெசினில் (ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) பதித்து டாலராகக் கேட்கிறார்கள். வேலை தெரிந்தால் எடுங்கள். முழுவதையும் வாங்காதீர்கள், பாதியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வழியில் தொலைந்தால் மாற்றே கிடையாது. நன்றாக உலராததை ரெசினில் ஊற்றினால் உள்ளே கெட்டு நிறம் மாறும். ரெசின் வெயிலில் நாளாக நாளாக மஞ்சளாகும் என்பதையும் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வந்த உடனே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஒன்றுக்கொன்று மாறிப்போனால் எந்தப் பணத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரே நேரத்தில் மேசை மேல் ஒரு குடும்பத்தின் பொருள் மட்டுமே இருக்கட்டும்.

முடித்த நகையை எல்லாம் நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படமாகப் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தையின் முழுப்பெயரும் பிறந்த தேதியும் பொறித்த காப்பின் படம் அந்தக் குடும்பத்தின் சொந்தத் தகவல். கணவர் பரிசாகக் கொடுக்க வைத்திருக்கும் டாலரை மனைவி உங்கள் பக்கத்திலேயே முதலில் பார்த்துவிடும் அபாயமும் இருக்கிறது. காட்டுவதற்கென்றே பொதுவான பெயர்களில் சில மாதிரிகளைச் செய்து வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் வராது.

கிரிக்கெட் அணியின் லோகோ, நடிகரின் படம் கேட்கிறார்களே?

பதிவு செய்த வணிகச் சின்னங்களை அனுமதி இல்லாமல் செய்து விற்பது சட்டப்படி தவறு. ஒருவருக்கு மட்டும்தானே என்பது பதிலாகாது. இன்னொரு கைவினைஞரின் படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்டாலும், அதன் சாயல் இல்லாமல் உங்கள் கையெழுத்தில் வரைந்து காட்டுங்கள்.

தீபாவளி, அட்சய திருதியை நேரத்தில் எவ்வளவு ஆர்டர் எடுப்பது?

சாதாரண வாரத்தில் எத்தனை டாலரை நிதானமாக முடிக்கிறீர்களோ, அதற்கு மேல் கால் பங்கு வரை. அதைத் தொட்டதும் 'இனி பண்டிகைக்குப் பிறகுதான்' என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது பெயரைத் தட்டி வாங்கும் ஒப்புதல்தான். மிஞ்சி வரும் ஆர்டர்களைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்தால், வெளியில் செய்தது என்று சொல்லியே கொடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அறுந்த செயினை அனுப்பிச் சரிசெய்யச் சொல்கிறார்கள். கட்டணம் வாங்கலாமா?

வாங்கலாம்; அஞ்சல் செலவும் செயினின் விலையும் அவர்களுடையது. டாலரின் வளையம் விட்டுப்போயிருந்தால் அது உங்கள் ஒட்டு, கட்டணம் இல்லாமல் செய்து கொடுங்கள். வந்தவுடன் எடை போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெட்டிய கோப்பை மட்டும் அழிக்காதீர்கள், அதே பெயரில் அதே எழுத்தில் இன்னொன்று வேண்டும் என்று தங்கைக்காகவோ மகளுக்காகவோ திரும்பி வருவார்கள்.